புடைப்பு டிசைனுக்கு வண்ணமா? தண்ணீரைத் தள்ளி வையுங்கள்!

ராத்திரி 11 மணி. ஹாலில் பாய் விரித்து, அதன் மேல் பழைய பேப்பர் பரப்பி, வரிசையாக 34 அட்டைகளைக் காய வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மாங்காய் டிசைன். அச்சடித்தது இல்லை, காகிதமே மேலே எழும்பி நிற்கும் புடைப்பு டிசைன். எம்போஸிங் என்றால் சட்டென்று புரியும். அன்று சாயங்காலம்தான் எல்லா மாங்காய்க்கும் வாட்டர் கலரில் பச்சையும் சிவப்பும் தீட்டி முடித்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு! ஃபேனை மெதுவாக ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் எழுந்து வந்து பார்த்தால் மாங்காயைக் காணோம்.

நிறம் இருந்தது, மேடு இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கை வலிக்க அழுத்தி எழுப்பிய டிசைன் அப்படியே அமுங்கிப் போயிருந்தது. பச்சை நிறம் கோட்டைத் தாண்டிப் பூனை மீசை மாதிரி நாலா பக்கமும் ஓடியிருந்தது. அட்டைகள் எல்லாம் பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. மொத்தம் 80 அழைப்பிதழ். விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமே என்று நாலு நாளில் கேட்டிருந்தார்கள். நான் காசு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட முதல் ஆர்டர் அது.

கைவேலை செய்து நாலு காசு பார்க்க நினைக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வந்திருக்கும். அன்றைக்கு நான் எங்கே தப்பு செய்தேன், அம்மா எப்படிக் கைகொடுத்தார், அதன் பிறகு கெடுத்தும் திருத்தியும் என்னென்ன தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வெறும் வெள்ளையில் என்ன குறை?

உண்மையில் நான் முதலில் காட்டிய மாதிரி அட்டையில் நிறமே கிடையாது. இளம் வெண்மையில் கையால் செய்த காகிதம், அதே வெண்மையில் எழும்பிய மாங்காய். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அவ்வளவுதான். அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய மாமியார்தான் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா சுப காரியத்துக்கு வெறும் வெள்ளையாவா கொடுப்பாங்க?"

அந்தப் பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் யாருக்காவது நீட்டுவோமா? கருமாதிப் பத்திரிகைக்குத்தான் மஞ்சள் இல்லை, கறுப்பு மை மட்டும். வெளிநாட்டுக் கடைகளில் வெள்ளை மேல் வெள்ளை எம்போஸிங் அட்டையை உயர்ந்த ரசனை என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணுக்கு அது முடிக்காமல் விட்ட வேலை. ஆகவே "கலர் போட்டுத் தரேன் பாட்டி" என்று வாய்விட்டேன். வீட்டில் பையனின் வாட்டர் கலர் டப்பா இருந்தது. அந்த தைரியம்தான்.

காகிதம் ஏன் காலை வாரியது?

கடையில் கிடைக்கும் சாதாரண சார்ட் அட்டையில் இதே வேலையைச் செய்திருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது. ஹேண்ட்மேட் பேப்பர் வேறு ஜாதி. மிஷின் காகிதம் பெரும்பாலும் மரக்கூழில் வருகிறது. நம் ஊர்க் கைக்காகிதத்துக்கு முக்கியமான மூலப்பொருள் பருத்தித் துணிக் கழிவு. பனியன் கம்பெனிகளில் வெட்டித் தள்ளும் துண்டுகள் இதற்கு அருமையான சரக்கு. துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஹாலண்டர் பீட்டர் என்ற இயந்திரத்தில் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குவார்கள். கூழ் கலந்த தொட்டியிலிருந்து கம்பி வலை போட்ட சட்டத்தால் அள்ளினால், தண்ணீர் வடிந்து மெல்லிய படலம் தங்கும். அதைத் துணி மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்திப் பிழிந்து, காய வைத்தால் ஒரு தாள். நாலு ஓரமும் பிசிறு பிசிறாக இருக்கிறதே, அது சட்டத்தின் விளிம்பில் கூழ் கசிந்ததால் வருவது. அந்தப் பிசிறைக் கத்தரித்துவிடாதீர்கள். கைக்காகிதத்துக்கு அதுதான் அடையாளம்.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதப் பட்டறை 1959-ல் தொடங்கியது. வடக்கே ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேர் இந்தத் தொழிலுக்குப் பெயர் போன இடம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்பவர்களுக்குப் பெயரே காக்ஸி. கைக்காகிதத்துக்கென்று அங்கே இருக்கும் தேசிய நிறுவனத்துக்கு நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் அவர். சங்கம் கையில் எடுத்த தொழில்களில் காகிதமும் ஒன்று.

விஷயத்துக்கு வருகிறேன். பருத்தி இழை நீளமானது, வளையும். அதனால்தான் கைக்காகிதத்தில் புடைப்பு ஆழமாக விழுகிறது. மரக்கூழ் அட்டையில் அதே ஆழத்துக்கு அழுத்தினால் வெடித்துவிடும். ஆனால் பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு. அயர்ன் பண்ணிய காட்டன் சேலையின் மடிப்பில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கத்தி மாதிரி நின்ற மடிப்பு தளர்ந்து போகும். காகிதத்திலும் அதேதான் நடக்கிறது. அழுத்தி வளைத்த இழைகள், காய்ந்திருக்கும் வரைக்கும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஈரம் பட்டதும் ஊறி, பிடி தளர்ந்து, பழைய சமதளத்துக்குத் திரும்பப் பார்க்கும். என் மாங்காய்கள் ராத்திரியில் செய்தது அதைத்தான்.

பூனை மீசைக்குக் காரணம் வேறு: கஞ்சி. வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலக் காகிதத்துக்கும் பசை ஏற்றுவார்கள். சைசிங் என்று பெயர். பசை ஏற்றிய காகிதத்தில் மையும் நிறமும் போட்ட இடத்தில் நிற்கும். ஏற்றாத காகிதம் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிவிடும். நான் வாங்கியது விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்த, பசை சரியாக ஏறாத தாள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்கவே இல்லையே!

கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். தாளின் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நொடியில் உள்ளே இறங்கிவிட்டால் பசை இல்லை. தாமரை இலைத் தண்ணீர் போல ஒரு நிமிடமாவது நின்றால் நல்ல தாள். இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போது விரலை நனைத்துக்கொண்டுதான் போகிறேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், ஒரு தாளைக் காசு கொடுத்து வாங்கிச் சோதித்துவிட்டே மீதியை வாங்கலாம்.

"கோலத்துக்குத் தண்ணியா ஊத்துவே?"

அந்தக் காலையில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தார். ஒரு அட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"ஏண்டி, கலர்க் கோலம் போடறப்போ பொடியத் தூவுவோமா, தண்ணியக் கரைச்சு ஊத்துவோமா?"

"பொடியைத்தாம்மா."

"அப்புறம் இதுக்கு மட்டும் எதுக்குத் தண்ணி?"

அம்மாவுக்கு எம்போஸிங் என்ற வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் பூஜை அலமாரியிலிருந்து காவிப் பொடி டப்பாவை எடுத்து வந்தார். பழைய வேட்டித் துணியில் ஒரு சிட்டிகையை வைத்துச் சலித்தார். கீழே விழுந்த மாவு போன்ற நைஸான பொடியைப் பஞ்சில் தொட்டு, உதறிவிட்டு, நான் மிச்சம் வைத்திருந்த நல்ல அட்டையில் மாங்காயின் மேல் லேசாகச் சுழற்றித் தேய்த்தார். மேடான இடமெல்லாம் செங்காவி நிறம் பிடித்தது. பள்ளத்தில் பஞ்சு இறங்காததால் அங்கே காகிதத்தின் வெண்மை அப்படியே நின்றது. நான் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் போராடியும் வராத சுத்தமான கோடு அம்மா கையில் அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

இந்த வேலையின் சூட்சுமமே அதுதான். புடைப்பு டிசைனில் கோடு போட வேண்டியது நம் கை இல்லை, மேடுதான் கோடு. உலர்ந்த நிறத்தைப் பட்டும் படாமல் ஓட்டினால் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று காகிதமே பார்த்துக்கொள்ளும். நாம் பிரஷ்ஷை எடுத்து உள்ளே புகுந்தால்தான் குழப்பம்.

வாசல் கோலத்துக்குக் கடையில் விற்கும் கலர்ப் பொடியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். நறநறவென்று இருக்கும், காகிதத்தைக் கீறும், கையெல்லாம் ஒட்டும். காவி கிடைத்தால் நல்லது. அது மண், வெயிலுக்கு வெளுக்காது. மற்ற நிறங்களுக்கு சாஃப்ட் பேஸ்டல் வாங்குங்கள். ஸ்டேஷனரி கடையில் பெட்டியாகவே கிடைக்கும். ஆயில் பேஸ்டல் வேறு. அது எண்ணெய்ப் பசை. மாற்றி வாங்கிவிடாதீர்கள். பேஸ்டல் குச்சியைக் கத்தி முனையால் சுரண்டினால் பொடி உதிரும். காது குடையும் பஞ்சுக் குச்சியோ, முகத்துக்குப் பவுடர் போடும் ஸ்பான்ஜோ போதும். தொட்டதும் ஒரு தடவை வேஸ்ட் பேப்பரில் தட்டிவிட்டு, பிறகு அட்டையில் தேயுங்கள். முதல் தடவையே அடர்த்தியாக வர வேண்டும் என்று நினைக்காமல், இரண்டு மூன்று முறை மெல்ல மெல்ல ஏற்றினால் நிறம் சீராக இருக்கும்.

வெளியே சிதறிய பொடியைக் கையால் தட்டினால் இழுபட்டுக் கறையாகும். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும் (அனுபவம்!). அட்டையைக் கவிழ்த்துப் பின்பக்கம் விரலால் சுண்டுங்கள். அப்படியும் போகாததை, சப்பாத்தி மாவு மாதிரி பிசையக்கூடிய ரப்பர் ஒன்று ஓவியக் கடைகளில் கிடைக்கிறது, அதை ஒற்றி எடுங்கள். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தால் கைக்காகிதத்தின் மேல் இழை நூல் நூலாகக் கிளம்பிவிடும்.

அட்டை கைமாறும்போது விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் காவி ஒட்டினால் என்ன ஆகும்? நினைத்தாலே பயமாக இருந்தது. பேஸ்டல் ஓவியத்துக்கு அடிக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே ஒன்று வாங்கினேன். ஒரு அடி தூரம் தள்ளிப் பிடித்து, மொட்டை மாடியில் காற்றோட்டமாக, மெல்லியதாக இரண்டு தடவை. கிட்டே பிடித்துச் சொட்டச் சொட்ட அடித்தால் நீங்களே மறுபடி நனைத்த மாதிரிதான். ஸ்பிரே அடித்ததும் நிறம் ஒரு சுற்று அடர்த்தியாகத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி முதலிலேயே குறைவாகப் பூசுங்கள். காய்ந்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கவரில் போட்டேன்.

பென்சில், இங்க் பேடு, மோதிர விரல்

பொடி சரிப்படாத இடங்களும் உண்டு. வளையல் டிசைன் மாதிரி மெல்லிய கோடுகள் என்றால் கலர் பென்சில் நல்லது. எழுதுவது போல நிமிர்த்திப் பிடிக்காமல், ஏறக்குறைய படுக்கவைத்து, முனையின் பக்கவாட்டால் உரச வேண்டும். சின்ன வயதில் காசு மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்துத் தலை எடுப்போமே, அதே வித்தைதான்.

ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருக்கும் இங்க் பேடைக் கவிழ்த்து, மேட்டின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். பிக்மென்ட் இங்க் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அது மேலேயே தங்கும். காயத்தான் நேரம் எடுக்கும். சாதாரண டை இங்க் உடனே காயும், ஆனால் உள்ளே இறங்கிப் பரவும். கைக்காகிதத்தின் தடிமன் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால், இங்க் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் விழலாம். எனக்கு அது பிடிக்கும். எல்லாம் ஒரே மாதிரி வேண்டுமென்றால் பிரஸ்ஸில் கொடுத்து அடித்துவிடலாமே!

ஸ்கெட்ச் பேனா? வேண்டாம். அதுவும் தண்ணீர்தான்.

தங்க நிறத்துக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மெழுகு கலந்த மெட்டாலிக் பேஸ்ட் சின்ன டப்பாவில் வருகிறது. அதைப் பூச பிரஷ்ஷைவிட மோதிர விரல் மேல். ஆள்காட்டி விரல் நம்மை அறியாமல் அழுத்தும். மோதிர விரலுக்கு அவ்வளவு பலம் இல்லை. விரலில் தொட்டதைப் புறங்கையில் ஒருமுறை தடவி மிச்சத்தைக் கழித்துவிட்டு, மேட்டின் உச்சியை மட்டும் வருடினால் போதும். தஞ்சாவூர் ஓவியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சுண்ணத்தூளும் பசையும் கலந்து மேடு எழுப்பி, அதன் மேல் தங்கத் தகடு ஒட்டுகிறார்கள். மேட்டில் தங்கம், சுற்றிலும் அடர்த்தியான சிவப்போ பச்சையோ. அந்தக் கணக்கு அட்டைக்கும் பொருந்தும். வெள்ளைத் தாளில் தங்கம் தனியாக நின்றால் சோகையாகத் தெரியும்; முதலில் காவி தேய்த்து, உச்சியில் மட்டும் தங்கம் தொட்டால் எடுப்பாக இருக்கும்.

மஞ்சள் பொடியையே நிறமாகப் பூசலாமே என்று எனக்கும் தோன்றியது. பூசினேன், அபாரமாக இருந்தது. அந்த அட்டையை ஜன்னலோரம் வைத்தேன். வெயிலில் வெளுத்து, சில வாரத்தில் பழைய தலையணை உறை நிறத்துக்கு வந்துவிட்டது. சோப்புக் கையோ சுண்ணாம்போ பட்டால் சிவந்துவிடும் என்பது வேறு. கவருக்குள் போகும் அழைப்பிதழுக்கு மஞ்சள் பரவாயில்லை. ஃப்ரேம் போட்டு மாட்டும் அட்டைக்கு வேண்டாம்.

வாட்டர் கலர்தான் வேண்டும் என்பவர்களுக்கு

கேட்பீர்கள் என்று தெரியும். வாட்டர் கலரின் மென்மை பொடியில் வராது, உண்மைதான். அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வரிசையை மாற்றுவது. நிறத்தை முதலில் தீட்டி, முழுசாகக் காயவிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்து நெளிவை எடுத்துவிட்டு, அதன் பிறகு புடைக்க வேண்டும். பெரிய பிரஸ்ஸில் ஆழமான புடைப்பு எடுக்கும் ஓவியர்கள் காகிதத்தை லேசாக ஈரப்படுத்திக்கொண்டுதான் அழுத்துகிறார்கள். ஈரத்தில் இழை சுலபமாக வளைந்து கொடுக்கும், அழுத்தியபடியே காய்ந்ததும் அந்த வடிவம் நின்றுவிடும். அதனால் புடைப்பதற்கு முன்னால் ஈரம் பட்டதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இரண்டாவது வழி, ஹீட் எம்போஸிங். இதில் காகிதத்தை அழுத்துவதே இல்லை. பசை மாதிரியான இங்க்கில் ஸ்டாம்ப் குத்தி, ஈரம் காய்வதற்குள் எம்போஸிங் பவுடரைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பவுடர் உருகிப் பளபளவென்று மேடாக நிற்கும். அந்த மேட்டை வயல் வரப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரப்புக்குள்ளே தண்ணீர் கட்டுவது போல, உருகிய கோட்டுக்குள் வாட்டர் கலரை விடலாம்; கோட்டின் மேலே நிறம் ஒட்டாது, துடைத்தால் போய்விடும். ஒன்றே ஒன்று: பசை ஏறாத தாளில் வரப்புக்கு அடியிலேயே தண்ணீர் ஊடுருவிவிடும். சொட்டுத் தண்ணீர் சோதனை இங்கேயும் கட்டாயம். ஹேர் டிரையரால் இதைச் செய்ய முடியாது. சூடு பத்தாது, காற்று மட்டும் பலமாக வந்து பவுடரைப் பறக்கடிக்கும். ஹீட் கன்னின் சூடு விரலைப் பொசுக்கும், ஒரே இடத்தில் காட்டினால் காகிதம் பழுப்பாகும். குழந்தைகள் தூங்கிய பிறகு எடுப்பது உத்தமம்.

எழுப்புவது எப்படி?

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு மெஷின் தேவையில்லை. டிசைன் வெட்டிய ஸ்டென்சில், உருண்டை முனை வைத்த ஒரு குச்சி, வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடி. இவ்வளவுதான் முதலீடு. குச்சி இல்லையென்றால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவில் பழகலாம். ஸ்டென்சிலைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் அட்டையின் முகம் ஸ்டென்சிலைப் பார்க்கும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்து ஓரங்களை அழுத்தினால் முன்பக்கம் மேடாகும். பின்பக்கத்தில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவிட்டால் குச்சி வழுக்கிக்கொண்டு போகும். அந்த மெழுகு முன்பக்கம் பட்டால் அங்கே பொடி பிடிக்காது, கவனம்.

எழுத்து என்றால் ஸ்டென்சிலைத் திருப்பி ஒட்டுங்கள். நான் ஆர்வக்கோளாறில் 'வளைகாப்பு' என்று நேராக ஒட்டிப் புடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் படிக்கக்கூடிய மூன்று அட்டைகளை உருவாக்கினேன்.

200 ஜி.எஸ்.எம். தடிமன் வரைக்கும் கையால் சமாளிக்கலாம். அதற்கு மேல் வெளிச்சமும் தெரியாது, மணிக்கட்டும் தாங்காது. உருளை வைத்த சிறிய எம்போஸிங் மெஷின்தான் சரி. பூவிதழும் வைக்கோலும் பதித்த கைக்காகிதம் கடையில் கண்ணைப் பறிக்கும். புடைப்பு டிசைனுக்கு அதை வாங்காதீர்கள். இதழ் ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று மூன்றும் சண்டை போடும்.

எவ்வளவு நிறம் போடலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: டிசைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள். மாங்காயின் வளைந்த மூக்குப் பகுதி மட்டும், அல்லது நடுப் பூ மட்டும். புடைப்புக்கு அழகே நிழல்தான். முழுவதும் பூசிவிட்டால் நிழல் தெரியாது; அச்சடித்த அட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். புள்ளிக் கோலத்தை வெள்ளையாகவே புடைத்து, சுற்றி ஓரத்தில் மட்டும் காவி தேய்த்துப் பாருங்கள். வாசலில் செம்மண் பூசிய மார்கழிக் கோலம் உள்ளங்கை அளவில் வந்து உட்காரும். பொங்கல் வாழ்த்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

கூச்சப்படாமல் கணக்குப் போடுங்கள்

வளையல் கதையை முடிக்கும் முன் காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் ஆர்டர் எடுக்கும்போது நாம் காகித விலையை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். ஒரு அட்டைக்குப் புடைக்க ஆறு நிமிடம், நிறத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 80 அட்டைக்கு 12 மணி நேரம். அதை நான் கணக்கிலேயே எழுதவில்லை. 'பக்கத்து வீடு, எப்படிக் கேட்பது' என்ற கூச்சம். கெட்டுப்போகும் அட்டைகளுக்கும் இடம் விடவில்லை. அந்த 34 அட்டைகளுக்குப் பதிலாகப் பசை ஏறிய நல்ல தாள் வாங்கியபோது, எனக்குக் கிடைக்க வேண்டியதில் பாதி அங்கேயே போய்விட்டது. இப்போது 100 அட்டைக்கு 110 தாள் என்று முதலிலேயே சொல்லி, என் நேரத்துக்கும் கூலி போட்டுத்தான் விலை சொல்கிறேன். ஒரு மாதிரி அட்டையை முழுசாக முடித்து, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்த பிறகுதான் முன்பணம். இரண்டு பேர் விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.

கெட்டுப்போன அட்டைகளைக் குப்பையில் போடவில்லை. கறை படாத பகுதிகளை மட்டும் வெட்டி, லேசாக நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிட்டேன். மறுநாள் தட்டையாக வந்தன. சின்ன மாங்காயாக மறுபடி புடைத்து, ஓட்டை போட்டு, சிவப்பு நூல் கோத்துத் தாம்பூலப் பைக்கு டேக் ஆக்கினேன். அழைப்பிதழைவிட அதற்குத்தான் விழாவில் பாராட்டு அதிகம்!

மீதி மூன்று நாளும் அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் புடைக்க, அம்மா தேய்க்க. நாலாம் நாள் சாயங்காலம் 80 அட்டையும் தயார். வெள்ளைத் தாளில் செங்காவி மாங்காய், அதன் உச்சியில் ஒரு கீற்றுத் தங்கம். நானே கொண்டுபோய்ப் பாட்டி கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கட்டை விரலால் மாங்காயை மெல்லத் தடவினார்.

"இப்பத்தான் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சுதாரிப்பதற்குள் பாட்டி உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "அந்த மஞ்சளக் குழைச்சுக் கொண்டாம்மா!"

"பாட்டி, ரொம்பத் தண்ணியா வேணாம்..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை. கிண்ணம் வந்துவிட்டது. நல்ல வேளை, கெட்டியாகத்தான் குழைத்திருந்தார்கள். பாட்டி 80 அட்டையையும் முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, நாலு மூலையிலும் அழுத்தி மஞ்சள் வைத்தார். மூலையை ஒட்டி இருந்த மாங்காயின் வால் ஏழெட்டு அட்டைகளில் அந்த விரலுக்கு அடியில் அமுங்கித்தான் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.